நடுவீட்டு வருமானம் எவ்வளவு? அட்டாளைச்சேனையை வைத்து ஒரு கணக்குப் பாடம்



2019 ஆம் ஆண்டு தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய வீட்டு வருமான செலவின அளவீட்டின்படி, தோட்டத்துறையில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 46,865 ரூபா. அதற்கு முந்திய 2016 அளவீட்டில் அது 34,804 ரூபாவாக இருந்தது. மூன்று வருஷத்தில் பன்னிரண்டாயிரம் ரூபா கூடியிருக்கிறது என்று இந்த இரண்டு எண்களும் சொல்கின்றன.

இதை லயத்து வாசலில் சொல்லிப் பாருங்கள். "அப்படின்னா நம்ம வீட்டுக் காசு எங்க போச்சு?" என்றுதான் உடனே கேட்பார்கள். கேள்வி நியாயமானது. எண்ணும் பொய்யில்லை. அப்படியானால் இரண்டுக்கும் இடையில் என்ன இருக்கிறது? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். சாதாரண தரம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இது அவர்களுடைய கணித புத்தகத்தில் 'இடை', 'இடையம்' என்று வருகிற பாடம்தான்.

ஏன் அட்டாளைச்சேனை?

நம் தோட்டத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு ஒரே செக்ரோல், ஒரே நாட்சம்பளம். வீட்டுக்கு வீடு வித்தியாசம் இருந்தாலும் அது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஆகவே பாடத்துக்கு வருமானம் பலவிதமாக வரும் ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

கல்முனையிலிருந்து கரையோர வீதியால் தெற்கே போனால் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை என்று ஊர்கள் வரும். அதற்கு அடுத்தது அட்டாளைச்சேனை. அதையும் தாண்டினால் அக்கரைப்பற்று. இவை அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்கள். தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் இங்கே பெருந்தொகையாக வாழ்கிறார்கள். கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். நம் அடுப்பில் வேகும் அரிசியில் ஒரு பங்கு அந்தப் பக்கத்து வயலில் விளைந்தது. அவர்கள் விடியற்காலையில் குடிக்கும் பிளேன்டீ நம் மலையில் பறித்த கொழுந்து.

அந்த ஊரில் ஒருவர் பெரும்போகமும் சிறுபோகமும் வேளாண்மை செய்வார். ஒருவர் கரைவலை இழுப்பார். ஒருவர் முச்சக்கரவண்டி ஓட்டுவார். ஒரு தாய் பன்பாய் இழைத்து விற்பார். ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அரச ஊழியர்கள் இருக்கிறார்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருப்பதால் அங்கே வேலை செய்கிறவர்களும் உண்டு. இன்னும் சில வீடுகளில் மகனோ மருமகனோ சவூதியிலோ கட்டாரிலோ இருந்து காசு அனுப்புவார். இப்படிப்பட்ட ஊரில் 'ஒரு குடும்பத்தின் வருமானம் எவ்வளவு?' என்று கேட்டால் ஒரே எண்ணில் என்ன பதில் சொல்வது?

சராசரி சொல்வதும் நடுவீடு சொல்வதும்

ஒரு ஒழுங்கையில் ஒன்பது வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே உள்ளவை பாடத்துக்காக நாம் போட்ட எண்கள், உண்மையான வீடுகள் அல்ல. சிறிய வருமானத்திலிருந்து பெரிய வருமானம் வரை வரிசையாக எழுதுகிறோம்:

1. பாய் இழைக்கும் தாய் – 19,000
2. கரைவலை இழுக்கும் தொழிலாளி – 28,000
3. வயல் கூலி – 31,000
4. முச்சக்கரவண்டி ஓட்டுபவர் – 42,000
5. குத்தகைக்கு வயல் செய்பவர் – 45,000
6. சில்லறைக் கடைக்காரர் – 52,000
7. ஆசிரியர் – 64,000
8. கணவன் மனைவி இருவரும் அரச ஊழியர் – 99,000
9. அரிசி ஆலை முதலாளி – 520,000

எல்லாவற்றையும் கூட்டினால் 900,000 ரூபா. ஒன்பதால் பிரித்தால் 100,000 ரூபா. இதுதான் சராசரி, அதாவது இடை. ஆனால் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். ஒன்பது வீட்டில் எட்டு வீடு அந்த ஒரு இலட்சத்துக்குக் கீழேதான் இருக்கிறது. ஒரே ஒரு ஆலை முதலாளியின் வருமானம் எல்லோரையும் மேலே தூக்கிக் காட்டிவிட்டது.

இப்போது வேறு மாதிரிக் கேட்போம். வரிசையில் சரி நடுவில் நிற்கும் வீடு எது? ஐந்தாவது வீடு. அதற்கு முன்னால் நான்கு, பின்னால் நான்கு. அதன் வருமானம் 45,000 ரூபா. இதுதான் நடுவீட்டு வருமானம். பாடப்புத்தகம் இதை இடையம் என்கிறது.

அடுத்த வருஷம் ஆலை முதலாளியின் வருமானம் இரட்டிப்பாகி, மற்ற எட்டு வீட்டிலும் ஒரு சதம்கூடக் கூடவில்லை என்று வைப்போம். சராசரி ஒரு இலட்சத்து 57 ஆயிரத்துக்கும் மேலே போய்விடும். "ஊர் முன்னேறிவிட்டது" என்று சொல்லிவிடலாம். நடுவீட்டைக் கேட்டால் அது பழைய 45,000 ரூபாவிலேயே நிற்கும்.

வீடுகள் இரட்டை எண்ணாக இருந்தால் நடுவில் இரண்டு வீடு வரும். அந்த இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் போதும். மேலே உள்ள பட்டியலில் ஆலை முதலாளியை விட்டுவிட்டால் எட்டு வீடு. நடுவில் 42,000 ரூபாவும் 45,000 ரூபாவும் வரும். பாதி 43,500 ரூபா.

நாட்டுக் கணக்கிலும் இதே கதைதான். 2019 இல் இலங்கைக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா, நடுவீட்டு வருமானம் 53,333 ரூபா. இரண்டுக்கும் இடையில் 23,000 ரூபாவுக்கு மேல் வித்தியாசம். நாட்டில் பாதிக் குடும்பங்கள் 53,333 ரூபாவுக்குக் கீழே இருந்தன. ஆகவே யாராவது வருமான எண் ஒன்றைச் சொன்னால் நாம் கேட்க வேண்டிய முதலாவது கேள்வி: "இது சராசரியா, நடுவீடா?"

நாம் தொடக்கத்தில் சொன்ன 46,865 ரூபா ஒரு சராசரி. தோட்டத்துறை என்ற கணக்குக்குள் கொழுந்து பறிக்கும் வீடு மட்டும் வருவதில்லை. தோட்டத்தில் குடியிருக்கும் உத்தியோகத்தர் வீடும், மூன்று பேர் உழைக்கும் வீடும், பிள்ளைகள் கொழும்பிலிருந்து காசு அனுப்பும் வீடும் சேர்ந்துதான் வரும். "நம்ம வீட்டுக்கு அவ்வளவு வரலையே" என்று பல வீடுகள் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

வீடு வீடாக எழுதாமல் கூட்டம் கூட்டமாக எழுதினால்?

ஆயிரக்கணக்கான வீடுகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திக் காட்டுவது கஷ்டம். எனவே அறிக்கைகளில் '20,000 வரை இத்தனை வீடு, 40,000 வரை இத்தனை வீடு' என்று வகுப்பாகப் போடுவார்கள். அதிலிருந்தும் நடுவீட்டைக் கண்டுபிடிக்கலாம். இதுவும் பாடத்துக்காகப் போட்ட எண்கள்தான். நூறு வீடு என்று வைப்போம்:

20,000 ரூபா வரை – 12 வீடு
20,000 முதல் 40,000 வரை – 30 வீடு
40,000 முதல் 60,000 வரை – 25 வீடு
60,000 முதல் 80,000 வரை – 15 வீடு
80,000 ரூபாவுக்கு மேல் – 18 வீடு

நூறில் பாதி ஐம்பது. கீழிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். முதல் வகுப்பில் 12. இரண்டாவதைச் சேர்த்தால் 42. மூன்றாவதைச் சேர்த்தால் 67. ஆகவே ஐம்பதாவது வீடு மூன்றாவது வகுப்புக்குள் இருக்கிறது. 42 க்குப் பிறகு இன்னும் 8 வீடு போக வேண்டும். அந்த வகுப்பில் 25 வீடு 20,000 ரூபா தூரத்துக்குப் பரவியிருக்கிறது. 8 ஐ 25 ஆல் பிரித்து 20,000 ஆல் பெருக்கினால் 6,400. அதை 40,000 உடன் கூட்டினால் 46,400 ரூபா. இதுதான் நடுவீட்டு வருமானத்தின் மதிப்பீடு. கடைசி வகுப்பில் உள்ளவர்கள் எவ்வளவு பெரிய பணக்காரராக இருந்தாலும் இந்தக் கணக்கு அசையாது.

ஒரு எச்சரிக்கை. ஒரு ஊரின் நடுவீட்டு வருமானத்தையும் இன்னொரு ஊரின் நடுவீட்டு வருமானத்தையும் கூட்டி இரண்டால் பிரித்து 'இரண்டு ஊருக்கும் பொதுவானது' என்று சொல்லக் கூடாது. இரண்டு ஊர் வீடுகளையும் ஒரே வரிசையில் நிறுத்திப் புதிதாக நடுவைத் தேட வேண்டும்.

வருமானம் என்று எதைச் சொல்வது?

'உங்க வீட்டு வருமானம் எவ்வளவு?' என்று கேட்டால் நாம் அநேகமாகச் சம்பளநாள் கைக்கு வந்த காசைத்தான் சொல்வோம். அது வருமானம் ஆகாது. சம்பளச் சீட்டில் ஊழியர் சேமலாப நிதிக்கு நம் பங்காக நூற்றுக்கு 8 கழிபடுகிறது, முற்பணம் கழிபடுகிறது, சந்தா கழிபடுகிறது. கழிபடுவதற்கு முன் உள்ள தொகைதான் உழைத்த தொகை. இன்னொரு பக்கம், தீபாவளி முற்பணமும் நகை அடகு வைத்து எடுத்த காசும் கைக்கு வந்தாலும் வருமானம் அல்ல. அவை கடன், திருப்பிக் கட்ட வேண்டியவை.

காசாக வராத வருமானமும் இருக்கிறது. வீட்டுத் தோட்டத்து மரக்கறி, சொந்த மாட்டுப் பால், தோட்டத்தில் கிடைக்கும் தேயிலைத்தூள் எல்லாம் இதில் சேரும். அட்டாளைச்சேனையில் சொந்த வயல் நெல்லைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கி வைப்பதும், கடற்கரையில் பங்காகக் கிடைக்கும் மீனும் அப்படித்தான்.

வேளாண்மைக்காரர் கணக்கு இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஒருவருக்குப் பெரும்போகத்தில் நெல் விற்று 360,000 ரூபாவும் சிறுபோகத்தில் 180,000 ரூபாவும் வந்தது என்று வைப்போம். மொத்தம் 540,000. விதைநெல், உரம், உழவு மெசின், அறுவடை மெசின், கூலி என்று 300,000 ரூபா செலவு. மிச்சம் 240,000. பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 20,000 ரூபா. அறுவடை முடிந்த மாதத்தில் போய்க் கேட்டால் அவர் பணக்காரர். விதைத்துவிட்டு உரத்துக்குக் கடன் வாங்கும் மாதத்தில் கேட்டால் அவர் ஏழை. மனிதர் ஒருவர்தான்.

கடலும் இப்படித்தான். வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் கிழக்குக் கரையில் தோணி இறங்குவது கஷ்டம். நம் மலையிலும் கொழுந்து குவியும் மாதமும் உண்டு, வெயிலில் மலை காய்ந்து பேர் குறையும் மாதமும் உண்டு. இதனால்தான் திணைக்களம் அளவீட்டை ஒரே மாதத்தில் முடிக்காமல் பன்னிரண்டு மாதமும் பிரித்துப் பிரித்து நடத்துகிறது. நீங்களும் வீட்டுக் கணக்குப் பார்க்கும்போது ஒரு மாதத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடும்போது நான்கு கேள்வி

ஒரு வருஷத்து நடுவீட்டு வருமானத்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அது கூடியதா குறைந்ததா என்று சொல்வதுதான் மற்றப் பாதி. கஷ்டமும் அங்கேதான்.

முதலாவது: இரண்டு முறையும் அதே இடங்களுக்குப் போனார்களா?

1990/91, 1995/96, 2002 ஆகிய அளவீடுகள் யுத்தம் காரணமாக வடக்கு கிழக்கு மாகாணங்களுக்குப் போகவில்லை. அதாவது அந்த மூன்று அறிக்கையிலும் 'இலங்கை' என்று எழுதியிருந்தாலும் அதற்குள் அட்டாளைச்சேனை இல்லை. 2006/07 அளவீட்டில் அம்பாறை மாவட்டம் சேர்ந்தது. 2009/10 இல் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு தவிர்ந்த மாவட்டங்கள் சேர்ந்தன. 25 மாவட்டமும் சேர்ந்தது 2012/13 இல்.

இதில் ஒரு பெரிய துக்கம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி அடித்தபோது நாட்டிலேயே கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அலைக்கு முன் அந்தக் கரையில் நடுவீடு எவ்வளவு உழைத்தது, அலைக்குப் பின் எவ்வளவு இழந்தது என்று கேட்டால் மேலே சொன்ன மூன்று அறிக்கையும் பதில் தராது. எண்ணப்படாத ஊர் தன் நட்டத்தையும் எண்ணில் காட்ட முடியாமல் போகிறது. வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க வருகிறவரை நாம் ஏன் மதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

துறை மாறுவதையும் இங்கே பார்க்க வேண்டும். மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருந்தால் நகரத்துறை. 20 ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் குடியிருக்கும் தோட்டமாக இருந்தால் தோட்டத்துறை. மற்றதெல்லாம் கிராமத்துறை. அட்டாளைச்சேனை பிரதேச சபை ஊர், ஆகவே கிராமத்துறை. பக்கத்தில் உள்ள அக்கரைப்பற்று 2011 இல் மாநகர சபையானது. ஒரு ஊர் இப்படி ஒரு பட்டியலிலிருந்து மற்றப் பட்டியலுக்குப் போனால், யாருடைய வருமானமும் மாறாமலே இரண்டு துறையின் எண்களும் மாறலாம்.

இரண்டாவது: அதே பெறுமதியுள்ள ரூபாவா?

நாட்டின் நடுவீட்டு வருமானம் 2009/10 இல் 23,746 ரூபா, 2012/13 இல் 30,814, 2016 இல் 43,511, 2019 இல் 53,333. பார்த்தால் படிப்படியாக ஏறுகிறது. ஆனால் அந்தக் காலத்தில் அரிசி, மா, சீனி, பஸ் கட்டணம் சும்மா நின்றதா?

கணக்கு இப்படி. 2016 க்கும் 2019 க்கும் இடையில் விலைச்சுட்டி 100 இலிருந்து 115 ஆனதாக உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 53,333 ரூபாவை 115 ஆல் பிரித்து 100 ஆல் பெருக்கினால் 46,376 ரூபா. அதாவது 2019 இல் நடுவீட்டின் 53,333 ரூபா, 2016 இன் 46,376 ரூபா வாங்கிய சாமானைத்தான் வாங்கும். கையில் கூடியது 9,822 ரூபா. கூடையில் கூடியது 2,865 ரூபா மட்டுமே.

நம் சம்பளத்துக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. 2022 செப்டெம்பரில் தேசிய நுகர்வோர் விலைச்சுட்டிப்படி பணவீக்கம் 73.7 சதவீதம். அதாவது ஒரு வருஷத்துக்கு முன் 1,000 ரூபாவுக்கு வாங்கிய சாமானுக்கு 1,737 ரூபா தேவைப்பட்டது. சம்பளம் அதே 1,000. அதைப் பழைய விலையில் பார்த்தால் ஏறக்குறைய 576 ரூபா. சம்பளச் சீட்டில் ஒரு சதமும் குறையவில்லை, ஆனால் அடுப்பங்கரையில் பாதிக்குக் கிட்டக் குறைந்துவிட்டது. "சம்பளம் அப்படியே இருக்கு, ஆனா பத்த மாட்டேங்குதே" என்று அக்காமார் சொன்னது சரியான புள்ளிவிபரம்தான்.

மூன்றாவது: அதே அளவான குடும்பமா?

அளவீட்டில் 'வீடு' என்றால் கூரை அல்ல, அடுப்பு. சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ஒரே லயக் காம்பிராவில் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம்.

கிழக்குக் கரையில் மகளுக்கு வீடு கொடுத்து, மருமகன் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பது வழமை. ஆரம்பத்தில் மகளும் மருமகனும் வாப்பா, உம்மாவுடன் ஒரே அடுப்பில் சாப்பிடுவார்கள். பிறகு தனியடுப்பு வைப்பார்கள். அன்று வரை ஒரு குடும்பமாக 90,000 ரூபா என்று எழுதப்பட்டது, மறுநாள் 50,000, 40,000 என்று இரண்டாகிறது. யாரும் ஒரு சதம் இழக்கவில்லை. ஆனால் கணக்கில் 'குடும்ப வருமானம்' குறைந்துவிட்டது. வெளிநாட்டில் உள்ள மகனும் அப்படி. அவர் அங்கே உழைக்கும் முழுச் சம்பளமும் இந்த வீட்டு வருமானம் அல்ல. வீட்டுக்கு அனுப்பும் காசு மட்டும்தான் கணக்கில் சேரும்.

ஆகவே குடும்ப வருமானத்தோடு 'எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், எத்தனை பேர் உழைக்கிறார்கள்?' என்றும் கேட்க வேண்டும். 2019 இல் நாட்டில் ஒரு குடும்பத்தில் சராசரியாக 3.7 பேர். ஏழு பேர் சாப்பிடும் வீட்டுக்கு 50,000 ரூபாவும் மூன்று பேர் சாப்பிடும் வீட்டுக்கு 50,000 ரூபாவும் ஒன்றாகுமா?

நான்காவது: போதுமான வீடுகளைக் கேட்டார்களா?

நாடு முழுதும் ஏறக்குறைய 25,000 வீடுகளைத்தான் தெரிவு செய்கிறார்கள். 25 மாவட்டத்துக்குச் சமமாகப் பிரித்தால் ஒரு மாவட்டத்துக்கு ஆயிரம் வீடு. அம்பாறையில் 20 பிரதேச செயலாளர் பிரிவுகள். அதையும் சமமாகப் பிரித்தால் அட்டாளைச்சேனைக்கு ஐம்பது வீடு. (உண்மையில் சமமாகப் பிரிப்பதில்லை, சனத்தொகையையும் துறையையும் பார்த்தே பிரிப்பார்கள். அளவு விளங்குவதற்காக இப்படிச் சொன்னோம்.) மாவட்டக் கணக்குக்கு ஆயிரம் வீடு போதும். ஒரு பிரிவுக்கு ஐம்பது வீடு போதாது. இந்த முறை தற்செயலாக நான்கைந்து ஆசிரியர் வீடு கூட வந்துவிட்டால் நடுவீடு மேலே போகும். அடுத்த முறை மீனவர் வீடு கூட வந்தால் கீழே இறங்கும். ஊர் மாறியிருக்காது, அகப்பட்ட வீடுகள்தான் மாறியிருக்கும்.

சிறிய இடங்களுக்கு வேறு வழி உண்டு. 2012 குடிசன மதிப்பு ஒவ்வொரு வீட்டுக்கும் போனது. அதில் வருமானம் கேட்கவில்லை. ஆனால் கூரை, சுவர், படிப்பு, தொழில், விறகா கேஸா என்பதெல்லாம் கேட்டார்கள். அளவீட்டில் இந்த விபரமும் இருக்கிறது, வருமானமும் செலவும் இருக்கிறது. 'இப்படிப்பட்ட வீட்டில் இவ்வளவு செலவு இருக்கும்' என்ற தொடர்பை அளவீட்டிலிருந்து கற்றுக்கொண்டு, அதைக் குடிசன மதிப்பின் எல்லா வீடுகளுக்கும் பொருத்தினார்கள். 2012/13 அளவீட்டையும் 2012 குடிசன மதிப்பையும் இப்படிச் சேர்த்துத்தான் பிரதேச செயலாளர் பிரிவு வரையான வறுமைப் படம் தயாரிக்கப்பட்டது. வருமானத்தை மதிப்பிடவும் இதே வழியைக் கையாளலாம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2016 இல் நடுவில் நின்ற வீடு 2019 இல் அதே இடத்தில் நிற்கும் என்றில்லை. நடுவீட்டு வருமானம் கூடியது என்றால் வரிசையின் நடு உயர்ந்தது என்று அர்த்தம். உங்கள் வீடு உயர்ந்தது என்று அர்த்தமல்ல. அதை உங்கள் வீட்டுக் கொப்பிதான் சொல்லும்.

கணக்கெடுப்பவர் வந்தால்

"கூடச் சொன்னா உதவி நின்னுரும்" என்று பயந்து பலர் குறைத்துச் சொல்கிறார்கள். இரண்டு வேலையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2023 இல் ஆரம்பித்த அஸ்வெசும உதவிக்குத் தனியான கணக்கெடுப்பு உண்டு. அதில் படிப்பு, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப நிலை என்று ஆறு பிரிவில் 22 விடயங்களைப் பார்க்கிறார்கள். வருமான செலவின அளவீடு அதுவல்ல. அங்கே ஒரு வீட்டின் பதில் தனியாக வெளியே போவதில்லை, ஆயிரக்கணக்கான பதில்களோடு சேர்ந்து ஒரு எண்ணாகத்தான் வரும். வந்தவரிடம் அடையாள அட்டையைக் கேட்டு, எந்தக் கணக்கெடுப்பு என்று விசாரித்துவிட்டுத் தாராளமாகப் பதில் சொல்லுங்கள்.

ஒரு வருஷம் எல்லோரும் ஐயாயிரம் குறைத்துச் சொல்லி, அடுத்த முறை உள்ளதைச் சொன்னால் என்ன நடக்கும்? தோட்டத்து மக்களின் வருமானம் ஐயாயிரம் கூடிவிட்டது என்று அறிக்கை வரும். சம்பளப் பேச்சு மேசையில் அந்த எண் நமக்கு எதிராகவே பேசும். கூட்டிச் சொன்னாலும் அதே கதைதான். உள்ளதை உள்ளபடி சொன்னால் மட்டுமே நம் கஷ்டமும் உள்ளபடி எண்ணில் ஏறும்.

இதற்கு ஒரு கொப்பி போதும். ஒரு பக்கத்தில் மாதம், உழைத்தவர் பெயர், கழிபடுமுன் சம்பளம், கைக்காசு, பிள்ளைகள் அனுப்பியது, காய்கறி பால் விற்றது. மறுபக்கத்தில் கடன், அடகு, முற்பணம். அடியில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எழுதுங்கள். பன்னிரண்டு மாதம் எழுதினால் உங்கள் வீட்டின் உண்மையான மாத வருமானம் தெரிந்துவிடும். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.

செய்து பாருங்கள்

1. ஒரு லயத்தில் ஏழு குடும்பம். மாத வருமானம் 24,000, 38,000, 41,000, 33,000, 29,000, 112,000, 45,000 ரூபா. சராசரி எவ்வளவு? நடுவீட்டு வருமானம் எவ்வளவு?

2. அதில் 112,000 ரூபா வருமானமுள்ள குடும்பம் பிரிந்து, 70,000 என்றும் 42,000 என்றும் இரண்டு அடுப்பு ஆகிறது. இப்போது சராசரியும் நடுவீட்டு வருமானமும் எவ்வளவு?

3. போன வருஷம் நடுவீட்டு வருமானம் 38,000 ரூபா, இந்த வருஷம் 40,000 ரூபா. விலைச்சுட்டி 100 இலிருந்து 110 ஆகியிருக்கிறது. நடுவீடு முன்னேறியதா?

விடைகள்: (1) சராசரி 46,000, வரிசைப்படுத்தினால் நான்காவது வீடு, 38,000. (2) சராசரி 40,250. நடுவில் 38,000, 41,000 வருவதால் 39,500. யாருக்கும் வருமானம் மாறவில்லை, ஆனால் சராசரி இறங்கியது, நடுவீடு ஏறியது. (3) இல்லை. 40,000 ரூபா பழைய விலையில் 36,364 ரூபாதான். நடுவீடு ஏறக்குறைய 1,636 ரூபா பின்தங்கியிருக்கிறது.

இரண்டாவது கணக்கை வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒருமுறை செய்து பாருங்கள். இனி யாராவது வந்து "உங்க வருமானம் கூடியிருக்கு", "குறைஞ்சிருக்கு" என்று சொன்னால் சண்டை பிடிக்க வேண்டாம். சராசரியா நடுவீடா, எந்த ஊர்களைச் சேர்த்தது, எந்த வருஷத்து ரூபா, எத்தனை பேருக்கு, எத்தனை வீட்டைக் கேட்டது என்று அமைதியாகக் கேளுங்கள்.